இப்போது பிள்ளையைப் பார்ப்பது யார் முறை?

பங்குனி முடிந்து சித்திரை பிறந்துவிட்டால் உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் வீடுகள் நிறைந்துவிடுகின்றன. பள்ளி விடுமுறை விட்டதும் சென்னையிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் பேரப்பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். நவரை நெல் அறுவடையாகிக் களத்திலும் சாலையோரத்திலும் காய்கிறது. தெருமுனையில் நுங்கு வந்து இறங்குகிறது. நுங்கு எடுத்த பனங்காயில் குச்சி செருகிப் பெரிய பிள்ளைகள் வண்டி உருட்டுகிறார்கள். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்துக்கான பேச்சு தொடங்குகிறது. இத்தனைக்கும் நடுவே, இடுப்பில் அரைஞாண் கயிறும் கழுத்தில் வேர்க்குருவுமாக, ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று அறைக்கு அறை தத்தித் தத்தி நடந்துகொண்டிருக்கிறது. சென்ற கோடையில் அது மடியில் கிடந்த குழந்தை. இந்தக் கோடையில் அதற்குக் கால் முளைத்திருக்கிறது. வீட்டார் பலர் இன்னும் சென்ற ஆண்டுக் கணக்கிலேயே இருக்கிறார்கள்.

கோடை தொடங்கும்போது இவ்விதழில் நாங்கள் வழக்கமாக மோர், இளநீர், வெயில் நேரம், வயிற்றுப்போக்கு ஆகியவை குறித்து எழுதுவோம். அவை இன்றும் வேண்டியவையே. ஆயினும் இம்முறை குழந்தைகள் நலப் பிரிவின் மருத்துவர்களாகிய நாங்கள், அறிவுரைக்குப் பதிலாக எங்கள் கருத்து ஒன்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். அதை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் வீட்டில் எல்லோரும் கூடியிருக்கும் ஒரு வேளையில் பேசிப் பார்க்க வேண்டுகிறோம்.

சென்ற சித்திரையில் நடந்ததிலிருந்து தொடங்குகிறோம். குடும்பத்தாரின் இசைவுடனும், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இதை எழுதுகிறோம். ஒரு முற்பகலில் பதினெட்டு மாத ஆண் குழந்தையொன்றை இருசக்கர வாகனத்தில் வைத்து எங்களிடம் கொண்டுவந்தார்கள். முறைவைத்து வரும் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, பின்கட்டில் பக்கெட்டுகளில் நிரப்பி வைத்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றில் குழந்தை தலைகுப்புற விழுந்து கிடந்தது. விழுந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எவருக்கும் தெரியவில்லை. குழந்தையை முதலில் கண்ட சித்தப்பா, தொழிற்சாலையில் கற்ற முதலுதவிப் பயிற்சியை நினைவுகூர்ந்து அங்கேயே மூச்சு ஊதியிருக்கிறார். அதனால் மட்டுமே அந்தக் குழந்தை எங்களிடம் உயிருடன் வந்தது. நான்கு நாள் சிகிச்சைக்குப் பின் நலமாக வீடு திரும்பியது. எல்லாக் குழந்தைகளும் அவ்வாறு திரும்புவதில்லை என்பதை நாங்கள் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அன்று தீவிர சிகிச்சை அறையின் வாசலில் நின்ற உறவினர்களில் ஒருவர் உரத்த குரலில், "பெற்றவள் என்ன செய்துகொண்டிருந்தாள்?" என்று கேட்டார். எல்லோர் கண்ணும் அந்தத் தாயை நோக்கின. அவர் பதில் சொல்லவில்லை. அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை நாங்கள் பிறகு அறிந்தோம். விடியற்காலையில் எழுந்து தண்ணீர் பிடித்து, பதினொரு பேருக்குச் சமைத்து, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, அந்த நேரத்தில் விருந்தினருக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். வீட்டில் அப்போது பெரியவர்கள் மட்டும் ஏழு பேர்.

எங்களைச் சிந்திக்க வைத்தது குழந்தையின் தாத்தா சொன்ன சொல். நாங்கள் குறிப்பெடுப்பதற்காக, "வீட்டில் வேறு யாரும் இல்லையா, ஐயா?" என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வீடு நிறைய ஆள் இருந்தோம், டாக்டர். அதனால்தான் இப்படி ஆயிற்று" என்றார்.

எங்கள் கருத்தும் அதுவே. குழந்தையை எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொல்லப்படும் வீட்டில், பல நேரங்களில் எவரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பாட்டி, பிள்ளை அத்தையிடம் இருப்பதாக எண்ணுகிறார். அத்தை, தாத்தாவோடு திண்ணையில் இருப்பதாக எண்ணுகிறார். தாத்தா, உள்ளே தாயிடம் போய்விட்டதாக எண்ணுகிறார். எவரிடத்திலும் அன்புக்குக் குறைவில்லை. குறைவு ஏற்பாட்டில்தான். தாய் ஒருத்தியும் குழந்தையுமாகத் தனித்திருக்கும் நாளில், பிள்ளையைப் பார்க்க வேண்டியவர் யார் என்பதில் ஐயமே எழுவதில்லை. அவர் அடுப்படிக்குப் போனால் குழந்தையையும் இடுப்பில் தூக்கிப் போகிறார். ஆள் கூடக்கூட அந்தத் தெளிவு குறைகிறது. விருந்தினர் வந்த நாள், திருவிழா நாள், அறுவடை நாள், இழவு வீட்டு நாள் ஆகியவற்றில்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்பது இதனால்தான்.

நீரில் விழும் குழந்தை கூவி அழைக்கும் என்பது ஒரு தவறான நம்பிக்கை. இந்த வயதில் குழந்தையின் தலை உடலோடு ஒப்பிடக் கனமானது. பக்கெட்டின் விளிம்பில் எட்டிப் பார்க்கும்போது நிலை தவறினால் தலை கீழாகப் போகும். கைகளை ஊன்றித் தன்னை மேலே தூக்கிக்கொள்ளும் வலு அதற்கு இல்லை. முகம் மூழ்கும் அளவு நீர், அதாவது சில அங்குலமே போதும். மூக்கும் வாயும் நீருக்குள் இருக்கையில் அழுகுரல் எழாது. சில நிமிடங்களில் மூளைக்கு உயிர்க்காற்று குறைந்து, மீளாத சேதம் தொடங்கிவிடும். பக்கத்து அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எதுவும் கேட்காது. "காது கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்" என்று பலர் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்த ஆபத்தைக் காதால் காக்க இயலாது. கண்ணால் மட்டுமே காக்க இயலும்.

இது எங்கள் வட்டாரத்துக்கு மட்டும் உரிய துயரம் அன்று. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அதே ஆண்டில்தான் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, ஜூலை 25-ஐ நீரில் மூழ்குதலைத் தடுப்பதற்கான உலக நாளாக அறிவித்தது.

நம்மைப் போலவே ஏரியும் குளமும் வயலும் நிறைந்த வங்கதேசத்தில் இதை ஆராய்ந்தவர்கள், எங்களைப் போன்றோர் கவனிக்க வேண்டிய ஒன்றைக் கண்டார்கள். அங்குச் சிறு குழந்தைகள் மூழ்குவது பெரும்பாலும் காலை 9 மணிக்கும் பிற்பகல் 1 மணிக்கும் இடையே, வீட்டுக்கு மிக அருகிலேயே நிகழ்கிறது. தாய் சமையலிலும் துணி துவைப்பதிலும் இருக்கும் நேரம் அது. ஆகவே அவர்கள் ஊருக்குள்ளேயே ஏறத்தாழ 25 குழந்தைகளுக்கு ஒன்றென எளிய காப்பகங்களை அமைத்தார்கள். வாரத்தில் ஆறு நாள், அதே 9 மணி முதல் 1 மணி வரை, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் ஒருவர் குழந்தைகளை வைத்துக்கொள்வார். அந்தக் காப்பகங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆஞ்சல்'. வங்க மொழியில் அதற்கு முந்தானை என்று பொருள். காப்பகத்துக்கு வந்த குழந்தைகளிடையே மூழ்கி இறப்பது பெருமளவு குறைந்ததை ஆய்வுகள் காட்டின. அந்தப் பெண்ணிடம் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. அந்த நான்கு மணி நேரத்துக்குக் குழந்தை இவருடைய பொறுப்பு, இவருக்கு வேறு வேலை இல்லை என்ற உறுதி மட்டுமே இருந்தது.

இந்த உறுதியைத் தேடி நாம் வங்கதேசம் வரை போகவும் வேண்டியதில்லை. உத்திரமேரூரில் பேருந்தை விட்டு இறங்கி வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு நடந்தால் போதும். முதலாம் பராந்தக சோழரின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919-இலும் 921-இலும், வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. குடவோலைத் தேர்தலுக்காக அவற்றை நாடறியும். பள்ளிப் பாடத்திலும் படித்திருப்போம். தேர்தல் நடந்த முறையையே எல்லோரும் பேசுகிறோம். எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஏரியைக் காக்க ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம். தோட்டங்களைக் காக்கப் பன்னிரண்டு பேர் கொண்ட தோட்ட வாரியம். ஆண்டுப் பணிகளுக்குப் பன்னிரண்டு பேர் கொண்ட சம்வத்சர வாரியம். பதவிக் காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவர் மறுபடியும் வர இயலாது; அவருடைய உறவினரும் வர இயலாது. முப்பது குடும்புகள் இருந்த ஊர் அது. அவர்கள் ஏரியின் மேல் அக்கறை இல்லாதவர்கள் அல்லர். ஊர் முழுவதும் அந்த நீரால்தான் உண்டது. இருந்தும் ஏரியை எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. ஆளின் பெயரைக் குறித்தார்கள், காலத்தைக் குறித்தார்கள், முறை முடிந்ததும் அடுத்தவரிடம் ஒப்படைத்தார்கள். பொதுவான பொருளுக்குப் பெயர் குறித்த காவலர் வேண்டும் என்பது அவர்கள் பட்டறிவு. அந்தச் சபையில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை என்பதும், பெண்களுக்கு அறவே இல்லை என்பதும் உண்மை. அந்தக் குறையை விடுத்து நெறியை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஏரிக்குச் செய்ததை நாம் பிள்ளைக்குச் செய்யலாகாதா?

எங்கள் மருத்துவமனையிலும் இந்நெறியே நடக்கிறது. செவிலியர் பணிநேரம் மாறும்போது, போகிறவரும் வருகிறவரும் படுக்கை படுக்கையாகச் சென்று ஒவ்வொரு நோயாளியையும் ஒப்படைத்து ஏற்றுக்கொள்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "சரி, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லும்வரை மற்றவர் நகர்வதில்லை. பத்துப் பேர் பணியில் இருக்கும் கூடத்திலும் ஒரு படுக்கைக்கு ஒரு பெயர் உண்டு.

வீட்டிலும் இதையே கேட்கிறோம். நடக்கத் தொடங்கியது முதல் நான்கைந்து வயது வரை, விழித்திருக்கும் குழந்தைக்கு எந்த நேரத்திலும் ஒரே ஒரு காவலர் இருக்கட்டும். முறை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அந்நேரத்தில் அவருக்குச் சமையல் இல்லை, செல்பேசி இல்லை, நெல் புரட்டும் வேலை இல்லை. எழுந்து போக நேர்ந்தால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "அண்ணி, பிள்ளை இனி உங்களிடம்" என்றால், "சரி, என்னிடம்" என்று பதில் வர வேண்டும். பதில் வரவில்லையெனில் முறை மாறவில்லை என்று பொருள். முதல் இரண்டு நாள் இது நாடகம் போலத் தோன்றும், வீட்டார் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் பழகிவிடும்.

இதில் ஆண்களுக்கும் முறை உண்டு என்பதை அழுத்திச் சொல்கிறோம். அப்பா, தாத்தா, மாமா, விடுமுறைக்கு வந்த சித்தப்பா எல்லோருக்கும் உண்டு. எட்டு வயது அக்காளுக்கு இல்லை. அவள் குழந்தையோடு விளையாடலாம், தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் காவல் பொறுப்பைச் சிறுமியின் தலையில் வைப்பது, ஒரு குழந்தையைக் காக்க இன்னொரு குழந்தையை ஆபத்தில் நிறுத்துவதாகும். ஏதேனும் நேர்ந்தால் அந்தப் பழியை அவள் வாழ்நாள் முழுதும் சுமப்பாள். முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு, ஓடித் துரத்த வேண்டிய முன்மாலை முறையைத் தராதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கதை சொல்லித் தூங்கவைக்கும் நண்பகல் முறையைத் தாருங்கள். ஒவ்வொருவருக்கும் இயன்ற நேரம் ஒன்று உண்டு.

இவ்வாறு சொல்லும்போது எங்களுக்கு இரண்டு மறுப்புகள் வருகின்றன. இரண்டும் மதிக்கத்தக்கவை.

முதலாவது மறுப்பு மூத்தவர்களுடையது. "முறையும் கிறையும் வைத்தா நாங்கள் எட்டுப் பிள்ளை வளர்த்தோம்?" என்கிறார்கள். வளர்த்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதே மூத்தவர்களிடம் சற்று உட்கார்ந்து பேசினால், "எனக்கு மூத்தது ஒன்று கிணற்றில் போயிற்று", "அக்காள் பிள்ளை கொதிக்கும் கஞ்சியில் விழுந்தது" என்று மெல்ல வெளிவருகிறது. எட்டு என்று எண்ணும்போது அந்த ஒன்றை எண்ணுவதில்லை. அதை விதி என்று எண்ணி மனத்தை ஆற்றிக்கொண்டார்கள். அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று ஒரு வீட்டில் ஒன்றோ இரண்டோ பிள்ளைகள். விதி என்று சொல்லும் முன் நம்மால் செய்யக்கூடியதைச் செய்துவிடுவோம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

இரண்டாவது மறுப்பு எங்களுக்குக் கடினமானது. "முறை வைக்க ஆள் எங்கே, டாக்டர்? அவர் கம்பெனி பேருந்தில் ஒரகடம் போனால் இரவுதான் வருவார். நான் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. மாமியாருக்குக் கண் தெரியாது" என்று ஒரு தாய் சொல்லும்போது, எங்கள் அறிவுரை வசதியுள்ள வீட்டுக்கு மட்டும் உரியதோ என்று எங்களுக்கே தோன்றுகிறது. ஆனால் காவல் தனி வேலை என்பதை நாட்டின் சட்டமே ஏற்றிருந்தது. 2005-இல் இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டம், பணியிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அங்குள்ள பெண்களில் ஒருவரை அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தி, அவருக்கும் முழுக் கூலி தர வேண்டும் என்று வகைசெய்தது. பிள்ளை பார்ப்பது சும்மா இருப்பது அன்று, மண் வெட்டுவதைப் போல அதுவும் ஒரு வேலை என்று சட்டம் சொன்னது பெரிய செய்தி. மரத்தடியில் தூளி கட்டிவிட்டு வேலைக்குப் போகும் இடங்களில் எல்லாம் இந்த ஏற்பாட்டைக் கேட்டுப் பெறுங்கள். கூலி வேலைக்குச் சேர்ந்து போகும் நான்கைந்து பெண்கள், தங்களுக்குள் ஒருவரை நாளுக்கொருவராகப் பிள்ளை பார்க்க நிறுத்தி, அவர் கூலியைப் பங்கிட்டுக் கொடுக்கவும் செய்யலாம். இரண்டு வயது நிறைந்த குழந்தையை அங்கன்வாடிக்கு அனுப்புங்கள். அங்கே கிடைக்கும் உணவைப் போலவே, அந்தச் சில மணி நேரக் காவலும் குழந்தையின் உயிரைக் காப்பதாகும்.

காவலர் இருந்தாலும் அவர் கண் இமைக்கும். அந்த இமைப்புக்காக வீட்டைச் சற்றே திருத்தி வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள். தண்ணீரைத் தேக்கித்தான் ஆகவேண்டும் என்றால், குழந்தையால் திறக்க முடியாதபடி மூடியிட்ட டிரம்மில் தேக்குங்கள். குளியலறைக் கதவுக்கு மேல்தாழ்ப்பாள் போடுங்கள். பின்கட்டு வாசலுக்கு இடுப்புயரத் தட்டி ஒன்று போதும். வயல்வெளியில் சுவரில்லாக் கிணறும், பம்புசெட் தொட்டியும், ஏரியில் மண் எடுத்த பள்ளமும் இருக்கும் இடத்தில் குழந்தையைக் கீழே இறக்கிவிடாதீர்கள். கோடையில் ஏரி வற்றிக் கிடப்பதைப் பார்த்து ஆபத்து வற்றியதாக எண்ண வேண்டாம். பள்ளங்களில் நீர் நிற்கும். விருந்தினர் வந்த காரைப் பூட்டி வையுங்கள். வெயிலில் நிற்கும் மூடிய கார் பத்தே நிமிடத்தில் வெளி வெப்பத்தைவிட ஏறத்தாழ 10 டிகிரி கூடுதலாகச் சூடேறும். விளையாட்டாக உள்ளே ஏறும் குழந்தைக்குக் கதவைத் திறக்கத் தெரியாது. காய்கிற வேர்க்கடலையை எட்டும் இடத்தில் பரப்பாதீர்கள். ஐந்து வயது வரை முழுக்கடலை வேண்டாம். அது மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். நுங்கையும் நசுக்கியே ஊட்டுங்கள். மண்ணெண்ணெயையும் பூச்சிமருந்தையும் தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

எத்தனை காத்தும் ஒன்று நேர்ந்துவிட்டால், முதல் சில நிமிடங்கள் உங்கள் கையில் இருக்கின்றன. நீரிலிருந்து எடுத்த குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும் கூடாது. அவை நேரத்தை வீணாக்கி நெஞ்சுக்குள் நீரைச் செலுத்தும். தரையில் மல்லாத்திக் கிடத்துங்கள். உரக்கக் கூவி ஆள் சேருங்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மூச்சு இல்லையெனில் தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, முகவாயை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து, நெஞ்சு எழும்படி ஐந்து முறை ஊதுங்கள். அசைவோ மூச்சோ வரவில்லையெனில், நெஞ்சின் நடுவில் ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்குமாறு, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 முறை அழுத்துங்கள். பின் இரு முறை ஊதுங்கள். உதவி வரும்வரை இதைத் தொடருங்கள். குழந்தை கண் விழித்து அழுதாலும் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். சில மணி நேரம் கழித்து மூச்சுத்திணறல் வரக்கூடும். கட்டாயம் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். மண்ணெண்ணெய் குடித்த குழந்தைக்கு வாந்தி வரவழைக்க முயலாமல், அந்தப் பாட்டிலோடு உடனே வாருங்கள்.

இறுதியாக எங்கள் பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளாக நாங்களும் பிள்ளைக்கு எது நேர்ந்தாலும் தாயைத்தான் முதலில் விசாரித்தோம். அறிவுரை அனைத்தையும் அவரிடமே சொன்னோம். தடுப்பூசி அட்டையை அவர் கையிலேயே கொடுத்தோம். வெளியே நின்ற தந்தையை உள்ளே அழைக்கவில்லை. "பெற்றவள் என்ன செய்துகொண்டிருந்தாள்" என்று அந்த உறவினர் கேட்ட கேள்வியை, மெல்லிய குரலில் நாங்களும் கேட்டுவந்திருக்கிறோம். அந்தக் கேள்விக்கு விடை சொன்னவர் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனாரே தவிர, அடுத்த குழந்தை அதனால் காக்கப்படவில்லை. இப்போது நாங்கள் கேள்வியை மாற்றிக்கொண்டிருக்கிறோம். நடக்கத் தொடங்கிய குழந்தை எங்களிடம் வரும்போதெல்லாம், "உங்கள் வீட்டில் பிள்ளை பார்ப்பது யார் யார் முறை?" என்று வந்திருக்கும் அனைவரையும் வைத்துக் கேட்கிறோம். பழி தேடுவதற்காகக் கேட்பதன்று. அடுத்த முறை வரும்போது விடை ஆயத்தமாக இருக்கட்டும் என்பதற்காகக் கேட்கிறோம்.

அந்தத் தாத்தா பின்னர் மறுபரிசோதனைக்குப் பேரனை அழைத்துவந்தார். தாய் வரவில்லையா என்று கேட்டோம். "அவளைத் தூங்கச் சொல்லியிருக்கிறேன். பொழுது சாயும்வரை என் முறை" என்றார். பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவர் எங்கள் முகத்தைப் பார்த்ததைவிட, மேசைக்கடியில் நுழைந்துகொண்டிருந்த பேரனைப் பார்த்ததே அதிகம்.

இன்று இரவு உணவுக்கு எல்லோரும் உட்காரும்போது நாளைக்கான முறையைப் பேசி வையுங்கள். காலை எட்டு மணிக்கு யார், ஒன்பது மணிக்கு யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். எழுந்து போகும்போது பின்கட்டு பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டுப் படுக்கச் செல்லுங்கள்.